குரோஷா முடி அணிகள்: ரப்பரை மாற்றலாம், க்ளிப்பைக் கழற்றலாம்

சென்னையில் தலையில் போடும் எந்தப் பொருளும் தேங்காய் எண்ணெய், வியர்வை, போர் தண்ணீரின் உப்பு, கடற்காற்றின் ஈரம் ஆகிய நான்கையும் சமாளித்தாக வேண்டும். நல்ல பருத்தி நூலில் இறுக்கமாகப் பின்னிய குரோஷா (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் பின்னும் நூல் வேலை) சமாளித்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பரும் பின்னால் இருக்கும் தகர க்ளிப்பும்தான் முதலில் போகின்றன. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி, இழுவை போய், தொளதொளவென்று ஆகிவிடும். பெயின்ட் உரிந்த க்ளிப் உள்பக்கமிருந்து துருப்பிடித்து, அந்தக் கறை நூலில் ஏறும். வழக்கமான செய்முறைகள் ரப்பர் வளையத்தின் மேலேயே நேராகப் பின்னவும், பூவை க்ளிப்பில் பசை வைத்து ஒட்டவும் சொல்கின்றன. அப்படிச் செய்தால் ரப்பர் போகும் அன்று மொத்த உழைப்பும் குப்பைக்குப் போகும்.

அதனால் கீழே உள்ளவை எல்லாம் ஒரே நோக்கில் அமைத்தவை: பின்னல் தனி, ரப்பரும் தகரமும் தனி. பழசானதை உருவிவிட்டுப் புதிதைச் செருக முடிய வேண்டும்.

நூல்

ஃபேன்சி ஸ்டோரில் "குரோஷா நூல்" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கலர் கலராக அடுக்கியிருக்கும் அக்ரிலிக் உல்லன். மற்றது, பளபளப்பான பருத்தி நூல் உருண்டை. முடி அணிக்கு அக்ரிலிக் வேண்டாம். காதோரம் வியர்க்கும் இடத்தில் அது சூடு பிடிக்கும்; சீப்பு பட்டு, முடி உரசிச் சீக்கிரமே மேலே சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும்; எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் விடாது. ஸ்க்ரஞ்சிக்கும் (ரப்பரைச் சுற்றிச் சுருக்கு வைத்த முடி வளையம்) ஹேர்பேண்டுக்கும் 4 ப்ளை, அதாவது நான்கு இழை முறுக்கிய, பருத்தி சரியான கனம். ஆங்கர் நிட்டிங் காட்டன் போன்றவை இந்த ரகம். மேஜைவிரிப்புக்குப் பயன்படுத்தும் 20-ஆம் நம்பர் மெல்லிய நூலில் பூ அழகாக வரும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கண் வலிதான் மிஞ்சும்.

தெருமுனைக் கடையில் வெள்ளை, கறுப்பு, சிவப்புக்கு மேல் கிடைப்பது அரிது. நிறங்கள் வேண்டுமென்றால் சௌகார்பேட்டை, பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளுக்குப் போவது நல்லது. க்ளிப், எலாஸ்டிக், மணி எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். எலாஸ்டிக் மட்டும் தையல் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குவது உத்தமம். அங்கே சரக்கு வேகமாக ஓடும், பழைய ரப்பர் தலையில் கட்டப்படாது.

அடர்ந்த நிறங்களை, முக்கியமாகச் சிவப்பையும் கருநீலத்தையும், பின்னுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். அரை மீட்டர் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நூல் வெள்ளையோடு சேர்க்க உதவாது. பள்ளிச் சீருடைச் சட்டைக்கு மேல் தொங்கும் ஜடைக்கும் உதவாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். கடையில் வாங்கிய சாயம் போட்ட நூலுக்கு அதை நம்ப முடியாது.

ஊசியும் அளவும்

4 ப்ளைக்கு 2.5 மி.மீ, 3 மி.மீ என்று இரண்டு குரோஷா ஊசி போதும். ஊசியின் தட்டையான பகுதியில் மி.மீ அளவு பொறித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் நம்பர் மட்டும் போட்ட ஸ்டீல் ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். புதிதாக வாங்குகிறவர்கள் தலைகீழாக எடுத்துவிடுவார்கள். இவை தவிர, முனை மழுங்கிய உல்லன் ஊசி, அளவு நாடா, ஊக்கு பத்து. ஸ்டிட்ச் மார்க்கர் என்று தனியாக விற்பதை வாங்கத் தேவையில்லை, ஊக்கு அதே வேலையைச் செய்யும்.

செயின் என்பது சங்கிலிக் கண்ணி, ஸ்லிப் ஸ்டிட்ச் உயரமே இல்லாத இணைப்புத் தையல், சிங்கிள் குட்டைத் தையல், டபுள் அதைவிட உயரமானது. இந்தப் பதிவில் சிங்கிள், டபுள் என்று சொல்வது அமெரிக்க முறைப்படி. பிரிட்டிஷ் முறையில் எழுதிய செய்முறைகளில் நம் சிங்கிளைத்தான் டபுள் என்று எழுதியிருப்பார்கள், நம் டபுளுக்கு ட்ரெபிள் என்று பெயர். வேறொரு செய்முறையை இதோடு கலக்கும்போது இதைச் சரிபார்க்காவிட்டால் பூவின் இதழ் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

அளவுச் சதுரம் (கையின் இறுக்கத்தை அளக்க முதலில் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டு) போடச் சோம்பல்படுவது எல்லோருக்கும் இயல்பு. சின்னப் பொருள்தானே என்று விட்டுவிடுவார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் ஏறியது. ஏராளமான கைகள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்தது அது. துண்டுகள் ஒரே அளவில் வராவிட்டால் இணைப்பு சுருங்கும், இழுக்கும். முடி அணியில் பின்னலோடு இணைவது ரப்பரும் தலையும். இங்கேயும் கணக்கு அதேதான்.

3 மி.மீ ஊசியில் 25 செயின் போட்டு, இரண்டாவது செயினிலிருந்து 24 சிங்கிள், இப்படி 12 வரிசை. நடுவில் உள்ள 20 சிங்கிள் 8 முதல் 8.5 செ.மீ வந்தால் கீழே உள்ள எண்ணிக்கைகள் அப்படியே பொருந்தும். 9.5 வந்தால் கை தளர்வு. ஊசியை அரை மி.மீ குறையுங்கள். 7 வந்தால் அரை மி.மீ கூட்டுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஸ்க்ரஞ்சி

கடை ரப்பர் வளையத்தின் மேல் நேராகச் சிங்கிள் போட்டுப் பின்னும் முறை எல்லோருக்கும் தெரியும். அதில் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 5 செ.மீ விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 16 செ.மீ. ரப்பர் மறைந்தால் போதும் என்று 40 சிங்கிள் போட்டு நிறுத்தினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சிங்கிளின் மேல்விளிம்பு ஒரு சங்கிலி, அது நீளாது. ஒரு சிங்கிள் சுமார் 4 மி.மீ என்றால் 40 சிங்கிள் 16 செ.மீ-யிலேயே முட்டிக்கொள்ளும். ரப்பர் இழுபட்டாலும் நூல் விடாது. முடியை இரண்டு சுற்று சுற்ற வளையம் 28 முதல் 30 செ.மீ வரை விரிய வேண்டும். அதற்கு 70 சிங்கிளுக்கு மேல் நெருக்கித் தள்ளிப் போட வேண்டும். ஸ்க்ரஞ்சி எவ்வளவு விரியும் என்பதை முதல் சுற்றின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது, ரப்பரின் தரம் அதற்குப் பிறகுதான்.

நாம் செய்யப்போவதில் வளையம் கிடையாது. நடுவில் டபுள் வரிசை ஒன்று, அதன் இடைவெளிகளில் எலாஸ்டிக் ஓடும். இரு ஓரத்திலும் சுருக்கு.

3 மி.மீ ஊசி, நூல் 10 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் உருண்டையை முன்னும் பின்னும் நிறுத்துக்கொள்ளுங்கள். மிச்ச நூலில் இன்னொன்று வருமா என்பது அப்போதுதான் தெரியும்.

76 செயின் போட்டு, மேலே 2 செயின் கூட்டி, ஊசியிலிருந்து நான்காவது செயினில் முதல் டபுளைப் போடுங்கள். விட்டுவிட்ட 3 செயினும் ஒரு டபுளாகக் கணக்கு. கடைசி வரை போனால் மொத்தம் 76 டபுள். செயினை முதலிலேயே வட்டமாக இணைக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. 76 செயின் நீளத்தில் எங்கோ ஒரு முறுக்கு விழுந்துவிடும், இரண்டு சுற்று போன பிறகுதான் கண்ணில் படும், பிரிப்பதைத் தவிர வழியில்லை. தட்டையாக ஒரு வரிசை போட்டுவிட்டு, மேசைமேல் நேராக வைத்துப் பார்த்து, பிறகு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் வட்டமாக்கினால் முறுக்குக்கு வேலையில்லை. கீழே தெரியும் சின்னப் பிளவைத் தொடக்க நூலின் வாலால் இரண்டு தையல் போட்டு மூடிவிடலாம்.

இனி மேல்விளிம்பில் ஒவ்வொரு டபுளிலும் 2 டபுள். சுற்று முடிவில் 152. நூலை அறுத்து, அடிச் செயின் பக்கம் இணைத்து, அங்கேயும் ஒவ்வொரு செயினிலும் 2 டபுள். அடர்ந்த சுருக்கு வேண்டுமானால் 3 டபுள் போடலாம். நூல் 14 கிராம் வரை போகும், எடையும் கூடும். மெல்லிய முடிக்காரர்களுக்கு அந்த எடை வழுக்கிக்கொண்டே இறங்கும்.

எலாஸ்டிக்கை 3 மி.மீ உருண்டை ரகமாக 20 செ.மீ வெட்டி, முனையில் ஊக்கைக் கோத்து, நடு வரிசையில் இரண்டு டபுளுக்கு மேல், இரண்டு டபுளுக்கு அடியில் என்று ஓட்டுங்கள். 76 நான்கால் வகுபடும் என்பதால் சுற்று முடியும் இடத்தில் வரிசை பிசகாது. இரு முனையையும் சேர்த்து இரட்டை முடிச்சு. கட்டிய பின் வளையம் 17 செ.மீ சுற்று இருக்க வேண்டும். முனைகளை 1 செ.மீ விட்டு வெட்டிச் சுருக்குக்குள் தள்ளிவிடுங்கள். முகக்கவசம் தைத்த காலத்து மெல்லிய எலாஸ்டிக் பல வீடுகளில் மீந்து கிடக்கிறது. அது காதுக்குச் செய்தது, கனத்த கூந்தலைத் தாங்காது. இரண்டு இழையாக ஓட்டினால் சமாளிக்கும்.

எலாஸ்டிக் தளர்ந்ததும் முடிச்சை வெளியே இழுத்து வெட்டி, பழைய முனையோடு புதிய எலாஸ்டிக்கை நூலால் கட்டி இழுத்தால் அது தானாகப் பாதை பிடித்து உள்ளே வந்துவிடும். ஊக்குகூடத் தேவையில்லை.

ஜடை நுனிக்கு இதே வேலை 44 டபுளில், எலாஸ்டிக் 12 செ.மீ. இரட்டை ஜடை போடும் பெண்களுக்கு இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே ஊசியில் முடித்துவிடுங்கள். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் பின்னினால் இறுக்கம் மாறி, ஒன்று பெரிதாகத் தெரியும்.

பூ க்ளிப்

2.5 மி.மீ ஊசி. மேஜிக் ரிங் (வாலை இழுத்தால் சுருங்கி மூடும் நூல் வளையம்) போட்டு, அதற்குள் "2 செயின், 2 டபுள், 2 செயின், ரிங்கிலேயே ஸ்லிப் ஸ்டிட்ச்". இது ஒரு இதழ். இப்படி ஐந்து. வாலை இழுத்து நடு ஓட்டையை மூடினால் சுமார் 3 செ.மீ பூ. இரண்டு கிராம் நூல்கூட ஆகாது. மிச்ச நூலெல்லாம் இதில் தீரும்.

பூவில் அடிக்கடி வரும் குறை இரண்டு. ஒன்று, நடு ஓட்டை நாளாவட்டத்தில் திறந்துகொள்வது. பளபளப்பு ஏற்றிய பருத்தி நூல் வழுக்கும். வாலை ஒரே பக்கமாகச் செருகி அறுத்தால் துவைக்கத் துவைக்க நழுவும். உல்லன் ஊசியில் கோத்து ரிங்கைச் சுற்றி முழுதாக ஒரு சுற்று, பிறகு திசை மாற்றி அரைச் சுற்று ஓட்டிய பின்பே அறுக்க வேண்டும். மற்றது, ஐந்தாவது இதழ் மற்றவற்றின் மேல் ஏறிக்கொள்வது. கடைசி ஸ்லிப் ஸ்டிட்ச்சை ரிங்கில் போடாமல் முதல் இதழின் செயினில் போட்டிருப்பார்கள். பிரித்து ரிங்குக்குள் போட்டால் சரியாகிவிடும்.

இனி க்ளிப். ஹாட் க்ளூவால் ஒட்டுவது வேகமான வழிதான். ஆனால் மே மாத வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ கிடந்தால் அந்தப் பசை இளகும், வழவழப்பான பெயின்ட் மேல் அதன் பிடியும் குறைவு. முதலை வாய் மாதிரித் திறக்கும் நீண்ட க்ளிப்தான் இதற்கு வசதி. பூவின் பின்பக்கம் ஒரு பட்டை தைக்க வேண்டும்: 4 செயின், 3 சிங்கிள், இப்படி 8 வரிசை. பட்டையின் இரண்டு முனையை மட்டும் பூவில் தைத்து, நடுவைச் சுரங்கம்போல விட்டுவிட்டால் க்ளிப்பின் மேல் தகடு அதற்குள் நுழையும். தகட்டின் அகலத்தைவிடப் பட்டைக்குள் 1 மி.மீ இடம் இருந்தால் போதும். அதிகம் விட்டால் பூ சுழன்று தலைகீழாகத் தொங்கும். குளிக்கும் முன் க்ளிப்பை உருவிவிட்டுப் பூவை மட்டும் அலசலாம். அதே பூவில் கொண்டை ஊசியையும் செருகலாம்.

டிக்டாக் க்ளிப்பில் (வளைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் தட்டைத் தகடு க்ளிப்) இப்படிக் கழற்ற வசதி இல்லை. ஓரத்தில் ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கித் தையல் நூலால் தைக்க வேண்டும், அல்லது தகட்டைச் சுற்றிச் சிங்கிள் போட்டு மூட வேண்டும். மூடுவதென்றால் 5 செ.மீ க்ளிப்புக்கு ஒரு பக்கம் 18 முதல் 20 சிங்கிள், 20-ஆம் நம்பர் நூலில், 1.5 மி.மீ ஊசியில். 4 ப்ளை அந்த இடுக்கில் நுழையாது. நடுவில் உள்ள நாக்கைத் தொடக்கூடாது. நூல் அதற்கு அடியில் தடித்துவிட்டால் க்ளிப் "டிக்" என்று பூட்டாமல் பாதியில் நிற்கும். பின்னுவதற்கு முன் க்ளிப் வளையும் இடத்திலும் வெட்டு விளிம்பிலும் நிறமில்லா நெயில் பாலிஷ் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். துரு முதலில் தொடங்குவது வளைவில்தான். அங்கே ஒவ்வொரு முறை மடங்கும்போதும் பெயின்ட் விரிசல் விடுகிறது. பாலிஷும் அங்கேயே உரியும் என்பதால் இது தள்ளிப்போடும் வேலை மட்டுமே.

நூல் மல்லிகைச் சரம்

நாட்டியம் ஆடும் குழந்தைகளுக்கும், பூ வாடிவிடும் நீண்ட விசேஷ நாட்களுக்கும் இது நன்றாக ஓடுகிறது. செய்யச் சுவையானதும் இதுதான். வாசனையை எதிர்பார்க்க வேண்டாம். அத்தர் தடவுகிறார்கள், அந்த எண்ணெய் வெள்ளை நூலில் மஞ்சளாக நின்றுவிடும்.

பளீர் வெள்ளை எடுக்காதீர்கள். நீலம் ஏற்றிய அந்த வெள்ளை தூரத்திலிருந்தே பிளாஸ்டிக் பூ என்று காட்டிக்கொடுக்கும். லேசான கோரா வெள்ளை சரியாக இருக்கும். அடிச் செயினுக்கு இலைப் பச்சை. நூல் மொத்தம் 8 முதல் 10 கிராம்.

தொடுத்த சரத்தில் பூக்கள் நாரின் இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கும். அதையே இங்கேயும் பின்பற்றுகிறோம். பச்சை நூலில், 3 மி.மீ ஊசியில் 61 செயின். முன்னும் பின்னும் 15 செ.மீ வால் விடுங்கள், ஜடையில் கட்ட அது வேண்டும். நீளம் சுமார் 24 செ.மீ வரும், அதாவது அரை முழத்துக்குக் கொஞ்சம் கூட. பிறகு ஊசியை 2.5-க்கு மாற்றி, வெள்ளை நூலை முதல் செயினில் இணையுங்கள்.

அடுத்த செயினில் முதல் மொட்டு. ஸ்லிப் ஸ்டிட்ச், 3 செயின். அதே இடத்தில் பஃப்: ஊசியில் நூலைச் சுற்றி, செயினுக்குள் விட்டு, 1.2 செ.மீ உயரத்துக்குக் கண்ணியை இழுங்கள். இப்படி மூன்று முறை. ஊசியில் 7 கண்ணி இருக்கும். நூலைச் சுற்றி ஏழையும் ஒரே இழுப்பில் கடந்து, 3 செயின் போட்டு, மறுபடி அதே அடிச் செயினில் ஸ்லிப் ஸ்டிட்ச். அதை அடுத்த செயினில் வெறும் ஸ்லிப் ஸ்டிட்ச், அதற்கடுத்ததில் மொட்டு. இரட்டைப்படைச் செயின்களில் எல்லாம் மொட்டு விழுந்து, இந்தப் பக்கம் 30 ஆகும். 61-ஆவது செயினில் திரும்பி, அடிப்பக்கம் வழியாக வரும்போது ஒற்றைப்படைச் செயின்களில் மொட்டு; 31. எதிரெதிராக முட்டாமல் இரண்டு பக்கமும் பல் மாறி நிற்கும்.

ஏழு கண்ணியைக் கடக்கும் இடத்தில்தான் புதியவர்கள் திணறுவார்கள். ஊசியின் தலை ஐந்தாவது ஆறாவது கண்ணியில் சிக்கி, நூலின் இழை பிரிந்துபோகும். மொட்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஊசித் தலையைக் கீழ்நோக்கித் திருப்பி இழுத்தால் சிக்காது. கண்ணிகளின் உயரம் ஒன்றுபோல இல்லையென்றாலும் சிக்கும். குட்டையான கண்ணிதான் கழுத்தை நெரிப்பது. மூன்று கண்ணியும் ஒரே உயரமா என்று ஊசியைச் சற்றே மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் 1 செ.மீ-க்குக் கீழே போனால் மல்லிகை மொட்டு தெரியாது, முடிச்சுதான் தெரியும். 1.5 தாண்டினால் ஒரு துவைப்பிலேயே தலை சாய்ந்துவிடும்.

சரம் திருகிக்கொண்டு சுருண்டால் காரணம் வெறும் ஸ்லிப் ஸ்டிட்ச்கள். அவை அடிச் செயினைவிட இறுகிவிட்டன. அடிச் செயினுக்குப் பெரிய ஊசி சொன்னது இதற்காகத்தான். அப்படியும் சுருண்டால், இடையில் வரும் ஸ்லிப் ஸ்டிட்ச்சுகளுக்குப் பதில் சிங்கிள் போடுங்கள்.

கதம்பம் வேண்டுமானால் ஐந்து மொட்டுக்கு ஒன்று கனகாம்பர ஆரஞ்சு. நூலை ஒவ்வொரு முறையும் அறுக்காமல், ஆரஞ்சை அடிச் செயினோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே பின்னிக்கொண்டு போகலாம். இரண்டு உருண்டையும் ஒரே பைக்குள் கிடந்தால் இடியாப்பச் சிக்கல்தான். தனித்தனி டப்பாவில் வைத்து இழுங்கள். இந்தச் சரத்தில் ரப்பரும் இல்லை தகரமும் இல்லை, வாலால் கட்டலாம் அல்லது கொண்டை ஊசியால் குத்தலாம்.

ஹேர்பேண்ட்

பெரியவர்களின் தலைச் சுற்றளவு பொதுவாக 54 முதல் 57 செ.மீ. அளவு நாடாவை நெற்றிக்கு மேலிருந்து காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் முடித்து எடுங்கள். முழுதும் பருத்தியில் பின்னிய பேண்ட் காலையில் பொருந்தும், மாலையில் புருவத்துக்கு இறங்கும். பருத்திக்கு இழுபடத் தெரியும், திரும்பிச் சுருங்கத் தெரியாது. அதனால் பிடரியில் 8 செ.மீ எலாஸ்டிக்குக்கு விட்டுவிட்டுப் பின்னலைக் குறுக்க வேண்டும். 55 செ.மீ தலைக்குப் பின்னல் 44, எலாஸ்டிக் 8, மொத்தம் 52. மீதி 3 செ.மீ இழுவைதான் பிடி.

15 செயின், 3 மி.மீ ஊசி. ஒவ்வொரு வரிசையும் 14 சிங்கிள், பின்கண்ணியில் (மேல்விளிம்புச் சங்கிலியின் இரண்டு இழையில் பின்னால் இருப்பது) மட்டும் ஊசியை விட்டு. அப்படிப் போட்டால் வரிவரியாக மேடுபள்ளம் வந்து, நீளவாக்கில் கொஞ்சம் இழுவையும் கிடைக்கும். அகலம் சுமார் 6 செ.மீ. 44 செ.மீ எட்ட 95 வரிசையை ஒட்டி வரும். வரிசையை எண்ணுவதைவிட நாடாவை நம்புங்கள், ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் 14 இருக்கிறதா என்று மட்டும் எண்ணுங்கள். ஓரம் உள்ளே வாங்கிக்கொண்டே போனால் வரிசையின் கடைசி சிங்கிள் விடுபடுகிறது என்று அர்த்தம். முதல் சிங்கிளில் ஊக்கு குத்திவைத்தால், திரும்பி வரும்போது அங்கேதான் முடிக்க வேண்டும் என்று அது காட்டும். நூல் 20 கிராம்.

இரண்டு முனையிலும் 14 சிங்கிளை நூலோட்டிச் சுருக்கி 3 செ.மீ ஆக்குங்கள். ஒவ்வொரு முனையையும் 1.5 செ.மீ உள்ளே மடித்துத் தைத்தால் வாய் திறந்த ஒரு மடிப்பு கிடைக்கும். மடிப்புக்காக அந்த 3 செ.மீ நீளத்தைக் கூடுதலாகப் பின்னிக்கொள்ள வேண்டும். 2 செ.மீ அகலத் தட்டை எலாஸ்டிக் 11 செ.மீ வெட்டி, இரண்டு மடிப்பிலும் நுழைத்து, ஒவ்வொரு முனையிலும் 1.5 செ.மீ திருப்பிப் பெரிய தையலாகக் கையால் போடுங்கள். மெஷின் தையல் உறுதிதான், ஆனால் மாற்றும்போது அதைப் பிரிக்கையில் பின்னலும் சேர்ந்து வெட்டுப்படும்.

கைக்குழந்தைகளுக்கு எலாஸ்டிக் பேண்ட் போட்டுத் தூங்கவிடக்கூடாது, கழுத்துக்கு இறங்கிவிடும். வாயில் எதையும் வைக்கும் வயதில் மணி, முத்து, பட்டன் எதுவும் வேண்டாம்.

போ

ரிப்பன் போவுக்கு (bow, இரு பக்கமும் காதுபோல விரியும் ரிப்பன் முடிச்சு) 25 செயின், 24 சிங்கிள், 13 வரிசை. சுமார் 10 செ.மீக்கு 5. நடுவை விசிறி மடிப்பாக மடித்து நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே 4 சிங்கிள் அகலப் பட்டையைச் சுற்றித் தையுங்கள். பூவுக்குச் சொன்ன பின்பட்டையே இதற்கும். பள்ளிக்குச் சீருடை நிற ரிப்பன்தான் வேண்டும் என்று கண்டிப்பு இருந்தால் முதலில் கேட்டுவிட்டுப் பின்னுங்கள்.

போ தொய்ந்து காது மடங்குவதற்குப் பலரும் கஞ்சி போடுகிறார்கள். அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ மேஜைவிரிப்புக்குச் சரி. தலையில் வியர்வை பட்டதும் அது பிசுபிசுக்கும், கழற்றி வைத்த இடத்தில் எறும்பும் கரப்பானும் தேடி வரும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசுவதும் நனைந்தால் வெளுத்து இளகிவிடும். ஊசியை 2.5-க்கு இறக்கி இறுக்கமாகப் பின்னினால் விறைப்பு தானாக வரும், துவைத்தாலும் போகாது.

வால் முனைகளை எல்லாவற்றிலும் 6 செ.மீ-க்குக் குறையாமல் செருகுங்கள். நெருப்பில் காட்டிப் பொசுக்குவது பருத்திக்கு ஆகாது, எரிந்து கரியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகித் தலையைக் கீறும்.

துவைப்பதும் கறையும்

எண்ணெய்ப் பிசுக்குக்கு ஷாம்பூ போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்துப் பிசைந்து அலசுங்கள். சீயக்காய் வேண்டாம், வெள்ளை நூலில் பழுப்பு ஏறிவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகக் காயவைக்க வேண்டும். ஹேர்பேண்டைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையே அதை நீட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களில் தடித்த சுருக்குகள் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். மின்விசிறிக்கு அடியில் ஒரு இரவு போட்டு வைத்த பிறகே டப்பாவில் போடுங்கள். க்ளிப்பைப் பூவோடு சேர்த்து வைக்காதீர்கள்.

துருக்கறை விழுந்துவிட்டால் ப்ளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துக் கறையில் தடவி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். கறை வெளிறியிருந்தால் இன்னொரு முறை. வண்ண நூலில் இதைச் செய்யும் முன் பின்பக்கத்தில் ஒரு ஓரத்தில் தடவிப் பாருங்கள். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் சில சாயங்களும் வெளுக்கும்.